எழுபத்தாறாவது மூடு

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில்
டாக்டர் நஸ்ரின் ஒரு மூளை வரைந்தார்.
சக்கைக்குரு போலிருந்தது.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏசுவடியான், இது பிரேக். இது ஆக்சிலேட்டர்.
குடி உள்ளே போனால் பிரேக்கை மிதிக்கும்.
தினமும் மிதித்தால் மூளை என்ன செய்யும்?
வண்டி நின்றுவிடக் கூடாதே என்று
பிரேக்கைத் தேய்க்கும், ஆக்சிலேட்டரைக் கூட்டும்.
பிறகு ஒரு நாள் குடிக்காமல் இருந்து பாருங்கள்.
பிரேக் இல்லாத இறக்கம்."

பேச்சிப்பாறை இறக்கம் எனக்குத் தெரியும்.
விடியுமுன் மூன்றரைக்கு
நெற்றி விளக்கு கட்டும்போதே
கை அதில் உருளத் தொடங்கியிருக்கும்.
பால்வெட்டுக் கத்தி
பட்டையில் நூல் கனம்தான் சீவ வேண்டும்.
என் கத்தி தடியைத் தொடும்.
தொட்ட இடத்தில் புதுப்பட்டை
முடிச்சு முடிச்சாய் வளரும்.
ஆகவே
நேராக வெட்டுவதற்காகக் குடித்தேன்.
யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?
குவாட்டரில் பாதி போனால் கை அடங்கும்,
முந்நூறு மூடும் ஸ்கேல் வைத்துக் கீறிய மாதிரி.

"பிடிக்குமா?" என்றார்.
யோசித்தேன்.
பிடிப்பது வேறு, வேண்டியிருப்பது வேறாம்.
மூளையில் இரண்டுக்கும் தனித்தனி ஓடையாம்.
ஒன்று வற்றிய பிறகும்
மற்றது கரை புரளுமாம்.
எனக்கு ருசி போய் ஏழு வருடம்.
ஆனாலும் குலசேகரம் சந்தை முக்கில் பஸ் திரும்பும்போது
மூடி திருகும் கிறுக் சத்தம்
கேட்காமலே கேட்கும்.
வாயில் வெள்ளம் ஊறும்.

டோபமின் என்று எழுதி அடிக்கோடிட்டார்.
அளவுக்கு மேல் பெருக்கினால்
வாங்கும் கைகளை மூளை குறைத்துவிடுமாம்.
அப்போதுதான் எழுபத்தாறாவது மூடு நினைவு வந்தது.

இரண்டு சிரட்டை நிறைத்த மரம்.
இன்னும் வேண்டும் என்றார் முதலாளி.
வெட்டுக்கோட்டில் மருந்து தடவினேன்.
கூடியது.
ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டை
தினவெட்டு ஆக்கினோம்.
கூடியது.
பிறகு கோட்டில் பாதி நனைந்தது, பாதி நனையவில்லை.
மருந்தைக் கூட்டினேன்.
ஒரு வைகாசியில் கத்தி வைத்தால்
உள்ளே பழுப்பு. ஒரு சொட்டு இல்லை.
மரம் சாகவில்லை.
இலை இருந்தது, காய் வெடித்தது,
பால் மட்டும் இல்லை.

"அந்த மரத்தை என்ன செய்வீர்கள்?"
வெட்டாமல் விடுவோம் என்றேன்.
வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி.
"பால் திரும்புமா?"
சிலதில் ஒரு வருடத்தில். சிலதில் இல்லை.
அவர் சீட்டை முன்பக்கம் திருப்பி
மாத்திரை எழுதினார்.

அப்பாவுக்கும் இருந்தது.
பாதி ரத்தத்தில் வருமாம்.
மீதிப் பாதி?
"சம்பள நாள். கூட்டாளிகள். தூங்காத ராத்திரி. மழை."
மழை என்றதும் நிமிர்ந்தேன்.
இவரிடம் யார் சொன்னது?

பஸ்ஸில் லில்லிபாயிடம் எல்லாம் விளக்கினேன்,
பிரேக், ஆக்சிலேட்டர், இரண்டு ஓடை.
தக்கலை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.
"அப்போ எனக்க கம்மலையும் மூளைதான் வித்ததோ?"
அதற்குச் சீட்டின் இரண்டு பக்கத்திலும்
பதில் இல்லை.

இன்று நாற்பத்தொன்றாம் நாள்.
மூன்றரைக்கு எழுந்தேன். கை கொள்ளாம்.
விளக்கைக் கட்டி முடிக்கவும்
ஓட்டில் ஒரு துளி,
பிறகு ஓடு முழுக்க.
மழையென்றால் வெட்டில்லை.
கடை திறக்க எட்டரை மணி நேரம்.
இந்தக் கணக்கை நான் போடவில்லை,
அது தானே போட்டுக்கொண்டது.
அங்கே மலைச்சரிவில்
எல்லா மூடும் நனைந்துகொண்டிருக்கும்,
எழுபத்தாறும், அதன் பெருக்கல் குறியும்.

சாணைக்கல்லில் வெள்ளம் தெளித்து
கத்தியைத் தீட்டத் தொடங்கினேன்.
நேற்றே தீட்டியதுதான்.